பால் வற்றிய மாதத்தில் எடுத்த படம்

மக்கா,

நம் படத்தில் நடித்த பால் வெட்டுக்காரி தங்கம்மையைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் நேற்று அருமனைக் கடைக்கே வந்து கேட்டார். கூடவே புது டைரக்டர். நீ போன பிறகு பாதியில் நின்ற படத்தை முடிக்க வந்திருப்பவர். சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் கால் வைத்ததும் இருவரும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்கள். ஒட்டுப்பால் நாற்றம். பால் வடியும் சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வேறு எப்படி மணக்கும்? நீ அந்த மூட்டைகள் மேலேயே ஏறி உட்கார்ந்து கதை எழுதினவன். "நாத்தம் இருந்தாத்தான் எவனும் எனக்க பக்கத்துல வரமாட்டான்" என்பாய்.

உன் முதல் கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மலைக்கு அடியில் ஒரு பூதம் படுத்துக் கிடக்கிறது. மேலே நிற்கும் ரப்பர் மரமெல்லாம் அதன் உடம்பு மயிர். வெட்டினால் வழிகிற பால் அதன் இரத்தம். ஐம்பது தாண்டிய ஒரு வெட்டுக்காரிக்கு மட்டும் அது முனகுவது கேட்கும். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கெட்டவன் என்று பார்த்தால் எஸ்டேட் முதலாளி ஒருவன்தான். "அந்த மொதலாளியா நீயே நடிச்சிரு மக்கா, வேசம் போடுத செலவு மிச்சம்" என்று கிண்டல் செய்தாய்.

நான் கூலிக்குப் பால் வெட்டித் தொடங்கி, ரப்பர் ஷீட் வாங்கி விற்று மேலே வந்தவன். எது விலை போகும், எது போகாது என்று எனக்குத் தெரியும். சென்னைக் கம்பெனியைப் பிடித்தது நான், தயாரிப்பில் கூடப் பங்கு போட்டதும் நான். பெயருள்ள கதாநாயகன் வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது தலையாட்டியதும் நான்தான். உடனே கதையில் வெட்டுக்காரிக்கு ஒரு மகன் பிறந்தான். நாலாவது திருத்தத்தில் பூதம் மகனோடும் பேசத் தொடங்கியது. ஒப்புக்கொண்ட கதாநாயகன் வேறு படத்துக்குப் போய்விட, அடுத்து வந்தவர் தனக்கு அழுகை ஒத்துவராது என்றார். ஆறாவது திருத்தத்தில் மகன் அழுவதை நிறுத்தினான். நீ சண்டை போடவில்லை. தாடியைச் சொறிந்துகொண்டு எழுதினாய். அந்த நாட்களில்தான் கதை உரிமையை என் பெயருக்கு எழுதித் தந்தாய். "எனக்க கையில இருந்தா நான் வெட்கப்பட்டே குடுத்திருவேன். நீ வியாபாரி, வெல படியாம குடுக்கமாட்ட."

வெட்டுக்காரி வேடத்துக்கு முதலில் வந்தது சென்னை நடிகை. அவளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் தங்கம்மையைக் கூப்பிட்டோம். நாலு நாள் பழகியும் அந்தப் பெண் பட்டையோடு மரத்தையும் சேர்த்துக் கீறினாள். தங்கம்மை கத்தியைப் பிடுங்கினாள். "மக்களே, அதுக்கு நோவும். இஞ்ச தா." நடிகையிடம் அவ்வளவுதான் சொன்னாள். நீ என் தோளை இறுக்கிப் பிடித்தாய். நடிகை ஊருக்குப் போனாள். தங்கம்மை படத்துக்கு வந்தாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கதாநாயகன் தேதி கொடுத்தது தை கடைசியில். அப்போது ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும், பால் வற்றும், வெட்டை நிறுத்துவார்கள். மண்டைக்காட்டில் கடலைப் பார்த்து வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னால் அந்தத் தேதி போய்விடும், கம்பெனியும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துப் பக்கம் வேனிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தாய். மொட்டை மரங்கள்.

"ஏலே, நீ தெரிஞ்சுதானே சும்மா இருந்த?"

நான் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கப் போனேன். பாலுக்குப் பதில் மைதா கரைத்து ஊற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். நீ ஒரு பாறையில் போய் உட்கார்ந்தாய். மத்தியானச் சோறு ஆறிப்போனது. எழுந்து வந்து, "பால் வராட்டா என்ன, பூதம் பிணங்கிக் கிடக்கு" என்றாய். பதினோராவது திருத்தம் அது.

தங்கம்மை வெட்டினாள். பால் வரவில்லை. மரத்தில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நீ எழுதாத ஒன்றைப் பேசினாள். "எதுக்கு எங்கிட்ட பிணங்குத? நான் ஒன்ன வெட்டினது வயித்துப்பாட்டுக்குல்லா. ஒனக்க கோவத்த மொதலாளிகிட்ட காட்டு." சொல்லிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "படம் இதுதான் மக்கா, மத்ததெல்லாம் அவனுவளுக்கு" என்றாய்.

அதற்குப் பிறகு நாலு மாதம்கூட நீ இருக்கவில்லை. நெஞ்சு வலி என்றாய். ஆட்டோவில் நாகர்கோவில் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நேற்று அவர்கள் கேட்டபடி தங்கம்மையைத் தூக்கினால் அந்தக் காட்சியும் போய்விடும். "அம்மா நல்லாத்தான் பண்ணியிருக்காங்க சார். ஆனா முகம் யாருக்கும் தெரியாது, பேச்சும் புரியல. தெரிஞ்ச நடிகையை வச்சு அடுத்த மாசமே எடுத்துடலாம்" என்றார் மேனேஜர்.

"அடுத்த மாசம் மரம் பச்சையா நிக்கும். பாலும் வழியும்" என்றேன்.

"இலையை கிராபிக்ஸ்ல கொட்டிக்கலாம் சார்."

"முகம் இருக்கட்டும்னா, பேச்சையாவது சென்னையில் டப்பிங் பண்ணிக்கிறோம்" என்றார் டைரக்டர்.

தங்கம்மைக்குப் போன் போட்டேன். வெட்டு முடிந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு உள்ள கூலி தந்தாச்சு மொதலாளி. மொகத்த வேணும்னா படத்துலேருந்து எடுக்கட்டு. மொகம் வச்சிட்டு எனக்க பேச்ச வேற ஒருத்தி பேசாண்டாம். பேரப்பிள்ளையளு கேட்டா, இது ஆரு சத்தம்னு கேக்கும். அதச் செய்யாண்டாம்னு அவியகிட்ட சொல்லும்."

அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். அன்று கீரிப்பாறைக்குத் தேதி குறித்தபோது சொல்லியிருக்க வேண்டியவன், இவ்வளவு தாமதமாக வாயைத் திறந்தேன். சாயங்காலம் வரை பேசினோம். மூன்று தடவை எழுந்து போனார்கள், கதை உரிமை என் கையில் இருந்ததால் மூன்று தடவையும் திரும்பி வந்தார்கள். பேரம் பேசுவதில் எனக்கிருந்த ருசியெல்லாம் போய்விட்டது, மக்கா. இனி எந்தத் தை வந்தாலும், இலை உதிரும்போது "தெரிஞ்சுதானே சும்மா இருந்த" என்ற உன் குரலும் சேர்ந்தே வரும். அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.

பேரம் படிந்தது இப்படித்தான். கதாநாயகனுக்கு ஒரு பாட்டும் இரண்டு சண்டையும் கூடும். படத்தின் பெயர் அவர்கள் இஷ்டம். கதை, வசனம் உன் பெயரில் மட்டும். தங்கம்மையின் முகமும் பேச்சும் எடுத்தபடியே இருக்கும். அதற்கு ஈடாக, தயாரிப்பில் எனக்கிருந்த பங்கையும் பெயரையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தேன்.