மருமகன் சேர்த்த மைல்கள்

14 மார்ச் 1997, வெள்ளி

எழுத வேண்டியவை (காலையில் குறித்தது):
1. மருமகனின் மைல்கள்.
2. டிக்கெட்டில் உள்ள எழுத்து.
3. சரசுவின் விமானப் பயம்.

மகளுக்குச் சிகாகோவில் தலைப்பிரசவம். ஒரு டிக்கெட்டுக்குத்தான் வசதி. என் மனைவி சரசு மட்டும் போவதாக இருந்தது. அடிக்கடி விமானத்தில் பறக்கும் மருமகனுக்கு, பறந்த மைல்களைக் கணக்கு வைத்து விமானக் கம்பெனி இலவச டிக்கெட் தரும். பறந்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று நானாக முடிவு செய்து, ஒரு மாதமாக யாரையும் கேட்கவில்லை.

இன்று பீளமேட்டு டிராவல்ஸில் கூச்சத்தோடு கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்தாள். "ஏனுங்கய்யா, யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமுங்க. மாமனாருக்குக் குடுக்க மாட்டாருங்களா?"

சரசுவின் டிக்கெட்டில் க்யூ என்ற ஆங்கில எழுத்து. எனக்கு வேறு எழுத்து வருமாம். தனித்தனியாக உட்கார வேண்டுமா என்றேன்.

"எழுத்து கட்டணத்துக்குங்க. தேதி மாத்தலாமா, மைல் சேருமான்னு அதுல தெரியும். உக்கார்றது பக்கத்துலயே உக்காரலாமுங்க."

எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து மருமகனுக்குப் போன் செய்தேன். உடனே சம்மதித்தார். "எப்பக் கேப்பீங்கன்னு இருந்தேனுங்க மாமா!"

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து, "இனிப் பயப்படாதே, நானும் வாரேன்" என்றேன். சரசு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கென்னங்க பயம்? வழி கேட்டுக் கேட்டுப் போயிருவேன். மூணு மாசம் நீங்க ஊட்டுல தனியா என்ன பண்ணுவீங்கன்னுதான் தூக்கமே வரலை."

மூன்றாவது குறிப்பு தவறு. பயந்துகொண்டிருந்தது நான்தான்.