செல்லம்மா நீதவானுக்குச் சொன்னது

புதன்கிழமை, மாத்தளை. மழை விடவில்லை.

இன்று நீதிமன்றத்தில் செல்லம்மாவின் மகனை விடுவித்தார்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். சந்தேகம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். என்ன சந்தேகம் என்று யாரும் சொல்லவில்லை. "காரணம் காட்டாமல் ஒருவரை அடைத்துவைக்க அரசாங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது" என்று நீதவான் சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொன்னது நான். மொழிபெயர்ப்பாளன் வாயில் இப்படி ஒரு வாக்கியம் லேசில் வராது. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

செல்லம்மா மகனிடம் ஓடவில்லை. என்னிடம் வந்தாள்.

"ஐயா, கவருமெண்ட எதுத்துப் பேசிட்டாரே, இந்தத் தொரைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒன்றும் ஆகாதம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. "எம் புள்ளையையும் ராத்திரி கதவத் தட்டித்தான் கூட்டிட்டுப் போனாங்க. யாரு தட்டுனாலும் தொறக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று நீதவான் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் போய் மகனின் கையைப் பிடித்தாள்.

நானும் இப்போதுதான் எழுந்து போய் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.