எட்டாம் வண்டியில் ஒரு லொடலொடப்பு

செவ்வாய் கிரகம். வண்டி எண் 8. ஓட்டுநர்: வசந்தமணி.

நாள் 1 – 06:00
தலைமை முகாமிலிருந்து புறப்பாடு. சரக்கு பதினோரு டன் இரும்புத் தகடு. கிழக்கு முகாம் வரை நாற்பது மணி நேரம். நேர்ப்பாதையில் வண்டி தானே ஓடும், தூங்கலாம். மெயின் சிலிண்டரில் நாற்பத்தாறு மணி நேரக் காற்று, ஸ்பேரிலும் அதே அளவு. இரண்டு மீட்டரும் ஃபுல்.
சர்வீஸ் முடித்துக் கையெழுத்துப் போட்டவர் பணிமனைத் தலைவர் ராக்கியண்ணன். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்த நாளிலிருந்து என் வண்டியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவர் கையெழுத்து இருந்தால் நான் திரும்பச் சரிபார்க்கும் வழக்கமில்லை.

நாள் 1 – 11:40
வெளியே மைனஸ் எழுபது. எங்கோ ஒரு லொடலொடப்பு. காதில் கேட்பதைவிட ஸ்டியரிங் பிடித்த உள்ளங்கையில் அதிகம் தெரிகிறது. மேட்டில் இல்லை, இறக்கத்தில் வருகிறது. வண்டியில் சத்தம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ரேடியோவில் ராக்கியண்ணனைக் கேட்டேன். பதில்:
"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. லோடு வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும். எறங்காத. ஒருக்கா கதவத் தெறந்து எறங்கி ஏறுனா ரெண்டு மணி நேரக் காத்து வீணாப் போகும்."
என் மேல் எவ்வளவு அக்கறை. இறங்கினேன். டூல்ஸ் பெட்டியை இறுக்கிக் கட்டினேன்.

நாள் 1 – 19:15
சத்தம் டூல்ஸ் பெட்டியில் இல்லை. மட்கார்டிலும் இல்லை. மூன்றாம் முறை இறங்கி, தகடு கட்டிய சங்கிலி முழுவதையும் அவிழ்த்துக் கட்டினேன். ஏறி உட்கார்ந்து கியர் போட்டதும் லொட லொட. கேலி செய்கிறது சனியன். காற்று நிறையச் செலவாகிறது, ஆனால் ஸ்பேர் இருக்கிறது.

நாள் 2 – 09:00
ஐந்தாம் முறை இறங்கினேன். கண்டுபிடித்துவிட்டேன்.
கேபினுக்குப் பின்னால் ஸ்பேர் சிலிண்டர் கூண்டு. உள்ளே இருப்பது ஒரு சைஸ் சிறிய சிலிண்டர். இடைவெளியில் பழைய ட்யூப் ரப்பரை நறுக்கிச் செருகியிருக்கிறது. ஆடுகிற எதற்கும் ராக்கியண்ணன் தன் பட்டறையில் செய்கிற வேலை அது. சங்ககிரி வெயிலில் பத்து வருஷம் தாங்கும். இந்தக் குளிரில் அப்பளமாக நொறுங்கிவிட்டது. பணிமனைக்குள் ஹீட்டர் ஓடுவதால் அங்கே சத்தமே வந்திருக்காது.
சிலிண்டரைத் தட்டினேன். காலி. மீட்டர் ஊசி ஃபுல்லில் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. தவறுதலாக வைத்தவர் ஊசியை ஒட்ட மாட்டார்.

நாள் 2 – 09:30
ரேடியோவில் கேட்டேன், ஒப்புக்கொண்டார்.
"உங்க அண்ணிக்கு நெஞ்சுச் சளி முத்திப் போச்சு அம்மிணி. ஆஸ்பத்திரில அளந்துதான் காத்து குடுக்கறாங்க. நீ எப்பவும் ஸ்பேரத் தொடமாட்ட. நீ திரும்பி வந்ததும் மாத்தி வெச்சரலாம்னு இருந்தேன்."
கேட்டிருந்தால் நானே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேன். இந்தப் பயணத்தையே ரத்து செய்திருப்பேன்.
மீதிக் காற்று எட்டரை மணி நேரம். மீதிப் பாதை இருபது மணி நேரம். கிழக்கு முகாமின் மீட்பு வண்டி லோடு இல்லாத வேக வண்டி, ஆறு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். ஆனால் இந்த ரேடியோ பணிமனையோடு மட்டும்தான் பேசும். அவர்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னாராம்.
"கெளம்பிட்டாங்க. நீ நின்ன எடத்த விட்டு நகராத, அப்பறம் உன்னயத் தேடோணும்."
நம்பினேன். இவ்வளவு நடந்த பிறகும்.

நாள் 2 – 15:45
யாரும் வரவில்லை. அடிவானம் வரை சிவப்பு மண். நான் வந்து சேர வேண்டிய நேரம் இரவு பத்து. அதுவரை கிழக்கு முகாமில் என்னை யாரும் தேடவும் மாட்டார்கள்.

நாள் 2 – 16:40
ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.
"யாருங்ணா ஓட்டிட்டு வர்றாங்க?"
பதில்:
"அது... புதுசா வந்தவரு அம்மிணி. உனக்குத் தெரியாது."
கிழக்கு முகாமில் ஓட்டுநர்கள் நான்கு பேர். நால்வரும் எனக்குத் தெரிந்தவர்கள். இரண்டு வருஷமாகப் பூமியிலிருந்து கப்பலே வரவில்லை, புது ஆள் மண்ணிலிருந்தா முளைப்பார்?
அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆள் வந்தால் அந்தப் பசையைப் பார்ப்பார்கள். சிலிண்டரைத் திருடியதை எப்படியோ மன்னித்திருப்பேன். இதை முடியாது.

நாள் 2 – 16:55
ரேடியோ அந்தப் பக்கம் அணைக்கப்பட்டுவிட்டது.

நாள் 2 – 17:20
கிழக்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சேர முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. தலை கனக்கிறது.
வழியில் நின்ற வண்டியை இழுத்து வருவதும், இந்தப் பதிவுப் பெட்டியைத் திறப்பதும் பணிமனைத் தலைவரின் வேலை. யாரோ கண்டெடுப்பார்கள் என்று நினைத்து, இரண்டு நாளாக உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன் அண்ணா.

நாள் 2 – 17:50
அழித்துவிடுவீர்கள். தெரியும். அழிக்கும் முன் கடைசிவரை படியுங்கள். விரல் ஓடவில்லை.
வீட்டுக்குப் போய் அண்ணி பக்கத்தில் உட்காருங்கள். அவர் மூச்சு இழுப்பதை
கேளுங்கள்
அது என்