பின்சீட்டின் இடப்பக்கம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நீ அனுப்பிய நான்கு சக்கரங்களும் வந்து, அப்பாவின் காரில் மாட்டியும் ஆயிற்று. பழைய மெல்லிசு டயர் மழையில் வழுக்கும், அக்கா தனியாக ஓட்டுகிறாளே என்று உனக்குக் கவலை. சரி. அப்பா செத்ததற்கு வர முடியவில்லை, சக்கரத்தையாவது அனுப்புவோம் என்று நினைத்தாயாக்கும். கோபித்துக்கொள்ளாதே, என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பார்க்க, கிழவருக்கு விளையாட்டு ஷூ மாட்டிவிட்ட மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பிரேக் போட்டால் போட்ட இடத்தில் நிற்கிறது. ஸ்டீயரிங்தான் கனம், திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. சக்கரம் பெரிதானதால் மீட்டர் நாற்பது காட்டும்போது வண்டி அதற்கு மேலேயே போகிறதாம். மாட்டிக்கொடுத்த மெக்கானிக் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். டயர் அகலம், மட்கார்டு விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருக்கு. நீங்க தனியா ஓட்டினா ஒண்ணும் ஆகாது, பின்னாடி ஆள் உட்கார்ந்தா பள்ளத்துல உரசும், பயந்துடாதீங்க என்றார்.

தனியாகத்தான் ஓட்டுகிறேன். முதல் நாளே உரசியது. பின்னால், இடப்பக்கம் மட்டும்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று திரும்பக் கொண்டுபோனேன். அளந்து பார்த்தார், இரண்டு பக்கமும் ஒரே உயரம். என்னை ஓட்டச் சொல்லி முன்சீட்டில் வந்தார். உரசியது. சரி, பின்னாடி உட்கார்ந்து கேட்கிறேன் என்று இறங்கிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக மூடிவிட்டு, சுற்றிவந்து வலப்பக்கம் ஏறிக்கொண்டார். பழைய சக்கரத்தையே மாட்டிடலாம்மா, சத்தம் போயிடும் என்றார். சத்தம் மட்டும்தானே போகும், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. கடைசி நான்கு மாதமும் வெள்ளிக்கிழமையானால் அப்பா, வண்டிய எடு, பையன் வர்றான் என்பார். இல்லையப்பா என்றால் சாப்பிட மாட்டார். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். மடக்க முடியாத வலக்காலை நீட்டிக்கொண்டு பின்சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார். பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு எதிரே ஒரு மணி நேரம் நிற்போம். அடுத்த வாரமா இருக்கும் என்று அவரே சொன்ன பிறகு திரும்புவோம். உன் மனசு உடைந்துவிடும் என்று மறைத்தேன். சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

நேற்று வெள்ளிக்கிழமை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தும் போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் உரசியது. அந்த வாசலுக்கு எதிரே ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தேன். வீட்டுக்குப் போகலாம்ப்பா என்று சொல்லிவிட்டுக் கிளப்பினேன்.

திரும்பும்போதும் அதே சாலை, அதே பள்ளங்கள். ஓரிடத்தில்கூட உரசவில்லை. வேண்டுமென்றே பெரிய குழியில் இறக்கினேன், சத்தமே இல்லை. பாதி வழியில் வண்டியைத் திருப்பி மறுபடி அந்த வாசலுக்குப் போனேன். பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவர் ஏறவில்லை.

தம்பி, லீவு இல்லை, அது இது என்று எழுதாதே. டிக்கெட் எடு. நான் கூப்பிட்டு அவர் வரமாட்டார், நீ வெளியே வருவதைப் பார்த்தால்தான் நகருவார். வெயிலோ மழையோ, அங்கேயே நிற்பார். உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர்.

உன் அக்கா