டி.சி. அப்ரூவ்டு

சதுரங்கப்பட்டினம்
22.10.2006, ஞாயிறு

அன்புத் தம்பி ஜான்சனுக்கு,

அக்கா மார்கரெட் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நிலமும் நலம். குவைத்தில் நீ நலமாக இருக்கவும், அங்கே வெயில் கொஞ்சம் தணியவும் அம்மா வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலிலும், நான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் தனித்தனியே மனுக் கொடுத்து வருகிறோம். எந்த அலுவலகம் முதலில் கவனித்தாலும் சரி.

நீ அனுப்பிய தைலமும் பேரீச்சம்பழமும் வந்தன. தைலத்தை உன் மாமா முழங்காலுக்குத் தடவிக்கொள்கிறார். கேன்டீனில் ஷிஃப்டு முடித்துவிட்டு வந்து சேற்றில் இறங்கினால் எந்த முழங்கால்தான் சும்மா இருக்கும்? நடவு புதன்கிழமை முடிந்தது. அது முடிந்ததே ஒரு செய்தி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை அம்மா நாற்றங்காலுக்குப் போனபோது, நம் இரண்டு ஏக்கர் பத்து சென்டிலும் மஞ்சள் கல் முளைத்திருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டைக்குப் பிறகு நம் பக்கத்தில் யாரும் இவ்வளவு கல் நட்டதில்லை. வரப்பில் ஒரு பலகை: 'கிரீன் ஃபீல்ட்ஸ் சீ வியூ'. பச்சை வயலை எடுத்துவிட்டு வரப்போகும் நகருக்கு அதன் ஞாபகமாகப் பெயர் வைத்திருந்தார்கள். கடல் நம் வயலிலிருந்து மூன்று கிலோமீட்டர். தென்னை மரத்தில் ஏறினால் தெரியும். மனை வாங்குகிறவர்களுக்கு மரம் ஏறத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலகையில் போடவில்லை.

நட்டவர் திருநாவுக்கரசு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புரோக்கராக இருந்து, சாலை அகலமானதும் புரமோட்டராக அகலமானவர். அம்மா போய்க் கேட்டதற்கு, "இன்னா ஆயா, உனுக்கு சேதியே தெரியாதா? பட்டா உம் புள்ள பேர்ல கீது. அவன்தான் பவர் எழுதிக் குட்த்துக்கீறான்" என்றாராம். அம்மா, "அவன் பேரு பட்டாவுல கீது, எங் காலு சேத்துல கீது. நீ மொதல்ல செருப்ப கழட்டிட்டு வரப்புல நில்லு" என்று சொல்லிவிட்டு, ஆட்டை ஓட்டிவந்து ஏழாம் நம்பர் மனைக் கல்லில் கட்டினாள்.

அந்தப் பவர் பத்திரத்தின் நகலை நான் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யாரோ உன் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்கார ஆள். உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, ஐந்தாம் வகுப்பிலிருந்தே நீ ஹெச்-ஐ ஓ-வுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பாய். ஸ்கேலால் எத்தனை அடித்தும் அதை என்னால் நகர்த்த முடிந்ததில்லை. இந்த ஆளும் சரியாக அங்கேயே வைத்திருக்கிறான். தூதரக முத்திரைகூட வாங்கியிருக்கிறான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கள்ளக் கையெழுத்து என்று நான்தான் படித்துச் சொன்னேன். இருபது வருஷம் டீச்சராக இருப்பவள் சொன்னால் மறுபேச்சு ஏது? "அதானே பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நம் வயல் போனால் அதோடு முடியாது. ஏரிக் கால்வாய் நம் வரப்பை ஒட்டி வந்துதான் கீழே ஆறு குடும்பத்துக்குப் பாய்கிறது. அவர்கள் வரைபடத்தில் அந்தக் கால்வாய் முப்பதடி ரோடாக இருந்தது. நம் தெருவில் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சொந்தச் சேறு என்று வைத்திருப்பது நம்மையும் சேர்த்து ஏழு குடும்பந்தான்.

இப்போது உன் பெருமைக்கு வருகிறேன். 1993-ல், அப்பா காலமாகிப் பட்டா உன் பெயருக்கு மாறிய கையோடு, நீ தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாய். பதிவேட்டில் நம் சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்று இரண்டு எழுத்து இருக்கிறது, 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கம், நாங்கள் இன்ன சாதி என்று ஊருக்குச் சொல்லும் கறை அது, அழித்துவிடுங்கள் என்று இரண்டு பக்கம். பிழை திருத்தியவள் நான். வெள்ளைக்காரன் காலத்தில் நம்மவர்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் அது, வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது என்பதற்கு அந்த இரண்டு எழுத்துதான் காவல் என்று நம் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. மனு கிடைத்தது என்று முத்திரை போட்டுத் தந்தார்கள். அதோடு சரி. பதின்மூன்று வருஷமாக அந்த அலுவலகத்தின் சோம்பலை ஏசி வந்தேன். அவ்வளவையும் இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். சுறுசுறுப்பான குமாஸ்தா ஒருவர் அங்கே இருந்திருந்தால் நாம் ஒழிந்தோம்.

அந்த எழுத்துகளை எனக்கு நினைவுபடுத்தியவர் திருநாவுக்கரசுதான். பதிவேட்டு நகலில் அவரும் பார்த்திருக்கிறார். மனைப் பிரிவுக்கு அனுமதி தருகிற அலுவலகங்களுக்கெல்லாம் இப்படி நாலு எழுத்தில் பெயர் இருக்குமல்லவா? இதுவும் ஓர் அனுமதி, எழுத்து குறைவாக இருப்பதால் இன்னும் பெரிய அலுவலகம் என்று முடிவு செய்து, வழவழப்பான நோட்டீஸில் நாலு கலரில் 'டி.சி. அப்ரூவ்டு' என்று அச்சடித்துவிட்டார். ஒரு ஞாயிறு வேனில் மனை பார்க்க வந்த ஊரப்பாக்கம் கம்ப்யூட்டர்காரர் ஒருவர், டி.சி. என்றால் என்ன என்று கேட்டார். "டிஸ்ட்ரிக்ட் கலெக்டர் சார். அவரே ஓகே பண்ணது. இதுல இன்னா பேஜாரு வரப்போவுது?" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு நோட்டீஸ் கேட்டேன். "எடுத்துக்கோ டீச்சர், ஸ்கூல்லயும் குடு" என்று பத்து கொடுத்தார்.

பத்தையும் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தேன். ஒன்றை என் மனுவோடு சேர்த்துத் தைத்து வட்டாட்சியரிடம் நீட்டினேன். அவர் மனுவைப் படிப்பதற்கு முன் நோட்டீஸைப் படித்தார். கலர் நன்றாக இருந்தது காரணமாக இருக்கலாம். விற்க வந்தவரே பஞ்சமி நிலம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறாரே என்று வியந்து, பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் உன் மனு இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. பத்தாம் நாள் உத்தரவு வந்தது: பத்திரம் பதியக் கூடாது, கற்களை அகற்ற வேண்டும்.

நட்டவர்களே வந்து பிடுங்கினார்கள். ஏழு குடும்பமும் வரப்பில் நின்று பார்த்தது. உன் மாமா அன்றைக்கு லீவு போட்டார். அம்மா, "ஏழாம் நம்பர் கல்ல வுட்டுட்டுப் போ நைனா, ஆடு பழகிப்போச்சு" என்றாள். விட்டுவிட்டுத்தான் போனார்கள். போகும்போது திருநாவுக்கரசு, "ரெண்டே ரெண்டு எழுத்துக்கா டீச்சர் இவ்ளோ?" என்றார். ஒரே ஓர் எழுத்து இடம் மாறியதற்கே பிள்ளைகளை அடித்தவள் நான் என்று சொல்லி அனுப்பினேன்.

இத்துடன் பவர் ரத்துப் பத்திரம் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடங்களில் கையெழுத்திட்டு, தூதரக முத்திரையோடு அனுப்பு. கொடுத்தது நீ இல்லைதான். ஆனால் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் தானே வந்து ரத்து செய்வான் என்று காத்திருக்க முடியாது. உன் வழக்கப்படியே போடு. ஹெச் அதன் இடத்திலேயே இருக்கட்டும். இனி அடிக்க மாட்டேன்.

போன வருஷம் போனில், அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இரண்டு ஏக்கர் பத்து சென்ட் இருக்கிறது. தை மாதம் அறுவடை. லீவு கேட்டுப் பார். வந்தால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன் கையையும் கையெழுத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
பிழை திருத்துவதை விட்டுவிட்ட
உன் அக்கா மார்கரெட்