ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு டீ

விமல்,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. நான் நூலகத்துக்குப் போகிறேன், மாலை வந்துவிடுவேன். மதியத்துக்கு மோர்க்குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். ஏசி பார்க்க ஆள் வருவார். ஆபீஸ் போகுமுன் சாவியைக் கீழ்வீட்டுப் பிரபாவதி அக்காவிடம் கொடுங்கள்.

இனி, நேற்றைய விஷயம். அதிகாலையில் வரும் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைப் பதிவுசெய்து, முடிவைத் தெரிந்துகொள்ளாமல் மாலையில் சேர்ந்து பார்ப்பது நம் ஒப்பந்தம். நம் அணி வென்றுகொண்டே வரும் இந்தப் பருவம் முழுவதும் நான் அதைக் காத்தேன். நீங்கள்?

நேற்று ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் நாம் மூன்று ரன் பின்தங்கியிருந்தோம். நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ, "டீ போடட்டா அனு?" என்று எழுந்துபோய், அடுப்படியில் விசிலடித்தீர்கள். தோற்கப்போகும் அணியின் ரசிகர் விசிலடிப்பதில்லை. பிறகு நாம் வென்றோம். அல்வாப் பெட்டியோ அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. "சும்மாதாம்பா வாங்கினேன்" என்றீர்கள். எந்தக் கதையிலும் அல்வாப் பெட்டி சும்மா வருவதில்லை. கதைகளில் பொருள்கள் எதற்காக வருகின்றன என்பதுதானே என் இலக்கிய ஆய்வே. முடிவை உங்களுக்குச் சொன்னது யார்? உங்கள் ஆபீஸ் ஜப்பானியப் பொறியாளர்மீதே என் சந்தேகம்.

இன்று இறுதி ஆட்டம். வரும்போது எதுவும் வாங்கி வராதீர்கள்.

அனன்யா

பி.கு.: முடிவு தெரிந்துவிட்டால் மறைக்க முயல வேண்டாம், நான் தரையில் உட்காருகிறேன், நீங்கள் எனக்குப் பின்னால் சோபாவில் உட்காருங்கள். ஸ்கோர்போர்டுக்கு முன்பே உங்கள் முகத்தைப் படித்துவிடுகிறேன்.

இன்னொன்று: நம் அணி தோற்றிருந்தால், கடைசி அவுட் வரை என் தோளில் கை வைக்காதீர்கள். அதற்குப் பிறகு வையுங்கள்.