கரண்ட் போனால் எத்தனை மணி நேரம்

ஏப்ரல் 9

இன்று இரண்டு முறை கரண்ட் போனது. காலை ஏழு பத்துக்கு ஒன்று, பதினொன்றே காலுக்கு ஒன்று. இரண்டு முறையும் வீட்டில்தான் இருந்தேன். வேறு எங்கே இருப்பேன்?

கரண்ட் போனதும் அக்காவின் ஆக்சிஜன் இயந்திரம் கத்தத் தொடங்கும். நான் ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நிற்கும் சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்து, குழாயை அதில் மாட்டவேண்டும். அக்காவின் விரல்கள் வாதத்தில் மடங்கிப் போனவை. அந்தச் சாவியைத் திருப்ப அவளால் ஆகாது. சில நிமிடம் தாமதித்தால் உதடு நீலம் பாரித்துவிடும். உதவிக்கு வைத்த மூன்று நர்ஸம்மாக்களையும் அவளே விரட்டிவிட்டாள். இரண்டு வருடமாக நான் போன அதிகபட்ச தூரம் தெருமுனைக் காய்கறிக் கடை.

மதியம் தபாலில் கடிதம் வந்தது. நான் இரண்டு வருடமாக விடுப்பில் இருக்கும் நூலகத் துறையிலிருந்து. பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் மலையூர்க் கிளையின் பொறுப்பு எனக்கு. ஜூலை ஒன்றாம் தேதி சேரவேண்டும். போன வருடம் ஒருமுறை மறுத்தாயிற்று. இந்த முறையும் மறுத்தால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம்.

அக்காவிடம் சொல்லவில்லை. டிராயரில், காஸ் புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஒளிக்கிற பிள்ளை மாதிரி.

ஏப்ரல் 12

எதிர்வீட்டு எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். பழைய இன்வெர்ட்டர் ஃபேனையும் விளக்கையும்தான் தாங்குகிறது. இயந்திரத்தைச் செருகினால் பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கினால் போதாதா?

அவர் தலையைச் சொறிந்தார். "பேட்டரி நிரம்பணும்னா கரண்ட் வேணுமே லைப்ரரியம்மா. நம்ம தெருவுல வர்ற கரண்ட்டுக்கு அது என்னைக்கு நிரம்பறது? மாடியில வெயில் சும்மாதானே காயுது. சோலார் போடுங்க."

ஏப்ரல் 15

சோலார் கம்பெனிக்காரர் வந்தார். இந்த வெயிலில் கழுத்துப்பட்டை. அவருக்கு 'டை' என்று பெயர் வைத்தாயிற்று (அக்கா வைத்தது). மாடியை அளந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழும் என்று திசைகாட்டி வைத்துப் பார்த்தார். ஆறு பேனல், இரண்டு லட்சம். கரண்ட் பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்றார்.

அவர் பில்லைப் பற்றியே பேசினார். நான் ஒன்றைத்தான் கேட்டேன்: கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

"அது பிரச்சினையே இல்ல மேடம், பகல் முழுக்க கரண்ட் தயாராகிட்டேதான் இருக்கும்" என்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே தம்பி!" முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். மூச்சு குறைந்தும் அதிகாரம் குறையவில்லை.

ஏப்ரல் 17

நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை.

எலக்ட்ரீசியன் அந்த விலைத்தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுல பேட்டரியே இல்லையே. இது லைனோட சேர்ந்து ஓடறது. லைன்ல கரண்ட் நின்னா இதுவும் நின்னுடும்."

வெயில் கொளுத்தினாலுமா?

"கொளுத்தினாலும்தான். இல்லேன்னா நாங்க கம்பத்துல ஏறி வேலை செய்யும்போது உங்க மாடி கரண்ட் எங்களை அடிச்சிடும்ல?"

டைக்குப் போன் செய்தேன். ஆமாம், அது விதி மேடம் என்றார், ஏதோ நான்தான் விதியை மீறப் பார்த்த மாதிரி. முதல் நாளே சொல்லியிருக்கலாமே? "நீங்க பில்லைக் குறைக்கத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

ஏப்ரல் 26

ஆக, இப்போது மூன்று வழி.

டையின் மலிவானது. அதைத் தலைமுழுகியாயிற்று.

டையிடமே இன்னொன்று இருக்கிறது. லிதியம் பேட்டரியோடு. கரண்ட் போன கணமே தானாக மாறிக்கொள்ளுமாம், இயந்திரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாதாம். இயந்திரமும் ஒரு ஃபேனும் மட்டும் என்றால் பத்து மணி நேரம். நாலரை லட்சம்.

மூன்றாவது எலக்ட்ரீசியன் பொருத்தித் தருவது. வேறு வீட்டில் கழற்றிய பேனல், சாதாரண பேட்டரி, ஆறு மணி நேரம். டை சொன்னதில் பாதிக்கும் குறைவு. ஆனால் தானாக மாறாது. கரண்ட் போனால் சுவரில் ஒரு கைப்பிடியைக் கீழே தள்ளவேண்டும். தள்ளுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பழையபடி நானே.

மே 3

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. 6.40 – 9.15. 12.00 – 2.30. 4.05 – 4.50. சிலிண்டர்காரர் வருவதாகச் சொல்லி வரவில்லை.

மே 8

அக்கா மாடியில் எதையும் மாட்டக்கூடாது என்கிறாள். கூரை ஒழுகும், இடி விழும், காற்றில் பிடுங்கிக்கொண்டு போய் யார் தலையிலாவது விழும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:

"இதெல்லாம் எனக்காகவா, உனக்காகவா?"

"உனக்காகத்தான், வேற யாருக்கு?"

பொய். எனக்காகத்தான். ஒவ்வொருவரிடமும் 'எங்க அக்காவுக்காக' என்று சொல்லிச் சொல்லி விலை கேட்கிறேன். மனசுக்குள் கேட்பது வேறு: நான் இல்லாமல் இவள் எத்தனை மணி நேரம் தாங்குவாள்?

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போனபோது என் ஃபீஸ் கட்டியவள். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

மே 17

முடிவு செய்துவிட்டேன். எலக்ட்ரீசியனின் வழிதான். அவர் கைப்பிடியைக் கொண்டுவந்து காட்டினார். நீளமானது, இறுக்கம் இல்லை. விரலே வேண்டாம், மணிக்கட்டால் தள்ளினால் போதும். அக்காவின் கட்டிலுக்கு மேலேயே வைக்கலாம். பகலுக்கு ஒரு நர்ஸம்மாவைப் போட்டு, ராத்திரிக்கு எலக்ட்ரீசியன் மனைவியை வந்து படுத்துக்கொள்ளச் சொன்னால் –

அக்காவிடம் கைப்பிடியை நீட்டி, "தள்ளிப் பாரு" என்றேன். தொட்டாள். கையைத் தொங்கவிட்டாள். "வலிக்குது. என்னால முடியாது."

இதுகூடவா?

மே 20

வேறு வழியில்லை. நாலரை லட்சம். டையின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் பாதியைத் தவணையில் கட்டலாமாம். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். முதலாளியின் முன்னால்தான் போடவேண்டுமாம். இரண்டு பஸ் நிறுத்தம். போக வர நாற்பது நிமிடம்.

மே 23

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் இரண்டு மணி நேரம் போய், பத்து மணிக்கு வந்தது கரண்ட். வந்தால் மதியம் வரை இருக்கும், அதுதான் வழக்கம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீசியன் வீடு பூட்டியிருந்தது. வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆமாம், பூட்டினேன். அவளை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அலுவலகம் நாலாவது மாடி. டை கீழேயே காத்திருந்து லிஃப்ட்டில் ஏற்றினார். இரண்டாவது மாடி தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

"பயப்படாதீங்க மேடம், ஜெனரேட்டர் போட்டுடுவாங்க."

பயம் லிஃப்ட்டுக்காகவா? இந்தக் கட்டடத்தில் போனால் எங்கள் தெருவிலும் போயிருக்கும். ஒரே லைன். அக்காவுக்குப் போன் போட்டேன், டவர் இல்லை. மறுபடியும். மறுபடியும். கதவை அடித்தேன். கத்தினேன். "எங்க அக்கா செத்துடுவா, திறங்கய்யா!" டை தன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, கதவிடுக்கில் விரலை விட்டு இழுத்தார். அசையவில்லை. "பூட்டிட்டு வந்துட்டேன், பூட்டிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அவர்தான் பிறகு சொன்னார்.

பதினோரு நிமிடம். மேலிருந்து யாரோ கையால் சுற்றி இறக்கினார்கள். டையின் பைக்கில் வந்தேன். சிக்னல் ஒன்றும் எரியவில்லை, எல்லா வண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது. கடைசித் தெருவை ஓடியே கடந்தேன். பூட்டில் சாவி நுழையவில்லை. டை வாங்கித் திறந்தார்.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு சாதாரண நிறம். சிலிண்டர் திறந்திருந்தது. குழாய் சரியாக மாட்டியிருந்தது. சாவி அதற்குரிய ஆணியில் தொங்கியது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு திறந்தா?"

பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, பூட்டின வீட்டுக்குள்ள யாரு வந்து திறந்தா?"

"யாரு வருவா? நான்தான்."

டை மெதுவாக வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"உன்னால முடியாதே."

"முடியும்."

"எப்போலேர்ந்து?"

பேப்பரை மடித்தாள். நாலாக மடித்தாள். "பொங்... போன தை – சரியா ஞாபகமில்ல. நாலஞ்சு மாசம் இருக்கும். எக்சர்சைஸ் சொல்லித்தர வந்தவர் ரெண்டு கையையும் சேர்த்துத் திருப்பப் பழக்கிவிட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவே."

மே 24

அஞ்சு மாசம். சினிமா வேண்டாம், கோயில் குளம் வேண்டாம், பல் வலிக்குது பல் டாக்டர்கிட்டகூடப் போகாம கிராம்பை வெச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேனே, அப்பவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தா? கரண்ட் போறப்பல்லாம் பாத்ரூம்லேர்ந்து சோப்பு நுரையோட ஓடி வந்தேனே, அப்பவும் கையைக் கட்டிக்கிட்டுப் படுத்துத்தானே இருந்தா?

என் அக்கா.

மே 25

பேசவில்லை.

மே 26

பேசவில்லை. பல் டாக்டரிடம் போனேன். ஒன்றைப் பிடுங்கினார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

மே 28

அக்காதான் முதலில் பேசினாள். டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"சின்னவளே, உக்காரு."

நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்த லெட்டரை நான் படிச்சாச்சு. காஸ் புத்தகம் தேடறப்போ." மூச்சு வாங்கினாள். காத்திருந்தேன். "இப்ப நீ என்ன நெனப்பேன்னு தெரியும். இவளாலதான் முடியுதே, நாமளே எலக்ட்ரீசியன் சாமானை வாங்கி மாட்டிட்டுப் போயிடலாம்னு நெனப்பே. நெனக்காதே."

"ஏன்?"

"நான் தள்ள மாட்டேன். நீ போன மறுவாரமே கை வலிக்குதுன்னு போன் பண்ணுவேன். நீயும் ஓடி வந்துடுவே. என்னை எனக்குத் தெரியாதா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னை நம்பிப் போகாதே. தானா மாறுதே, அதை வாங்கிப் போட்டுட்டுப் போ. விலையைப் பாக்காதே. என் பென்ஷன் பணம் சும்மாதான் கெடக்கு."

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. டீ ஆறிப்போச்சு, வேற போடட்டுமா என்று கேட்டேன்.

மே 29

அக்காவே டைக்குப் போன் போட்டாள். எக்ஸ்சேஞ்சுக் குரல். எனக்கு இரண்டு மாதமாகத் தோன்றாத கேள்வியெல்லாம் கேட்டாள். தொடர்ந்து மூணு நாள் மேகமா இருந்தா? பேட்டரி காலியாகறதுக்கு முன்னாடி சத்தம் போடுமா? ராத்திரி ரிப்பேர் ஆனா யாரு வருவா, எத்தனை மணி நேரத்துல? "எழுத்துல குடுங்க தம்பி. வீட்டுல நான் ஒருத்திதான் இருப்பேன்னும் அதுல எழுதுங்க."

கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 16

மாட்டியாயிற்று. ஆறு பேனல், கூடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. எலக்ட்ரீசியன் தன் வியாபாரம் போன வருத்தத்தை மறைத்துக்கொண்டு கம்பியையெல்லாம் இழுத்துப் பார்த்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

பதினொன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது. இயந்திரம் கத்தவில்லை. நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து கட்டில் பக்கம் நின்றேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. இருவரும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தோம். அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கும் இல்லை.

ஜூன் 30

பகலுக்கு ஒரு நர்ஸம்மாவைப் போட்டாயிற்று. சாயங்கால பஸ். அக்கா வாசல் வரை வரவில்லை, குழாய் அவ்வளவு நீளம் இல்லை. "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டாள்.

ஜூலை 1

சேர்ந்தேன். நூலகம் இரண்டு அறை. மழை.

ஆகஸ்ட் 11

காலையில் நர்ஸம்மா போன் செய்தாள். அழுகைக் குரல். "உங்க அக்காவோட என்னால முடியலம்மா. நான் போட்ட டீயைக் கொட்டிட்டாங்க. நான் நின்னுக்கறேன்."

இதற்கு முன்னால் மூன்று நர்ஸம்மாக்களை அவள் இப்படித்தான் விரட்டினாள். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்கு வீடு. மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"அக்காகிட்ட போனைக் குடுங்க."

இயந்திரத்தின் உறுமல் கேட்டது. பிறகு அவள் மூச்சு.

"அக்கா, அவங்க போனா வேற ஆளை நீதான் தேடணும். நான் வர மாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகம் மாற்ற வந்தவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அரை மணி கழித்து மறுபடியும் நர்ஸம்மா. அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம். "உக்காரு, இப்ப எவ்வளவு சர்க்கரைன்னு நான் சொல்றேன்" என்றாளாம். இருந்து பார்க்கிறேன் என்றாள் நர்ஸம்மா.

மதியத் தபாலில் துறையிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. தற்காலிக முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டம். இரண்டிலும் இங்கே நான் குடியிருக்கும் வாடகை அறையின் முகவரியையே எழுதி, மூன்று மணிக்குத் தபாலில் சேர்த்தேன்.